தற்பரிவு: சொல் விளக்கம்

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தேயிலைக் கொழுந்து பறிப்பவர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். போன மாதம் கூட வேலை பார்க்கும் பெண் கத்தரியில் விரலை வெட்டிக்கொண்டபோது, தலையில் கட்டியிருந்த துண்டின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றிவிட்டு, "விடு கண்ணு, யாருக்குத்தான் ஆகல" என்றாராம். அன்று சாயங்காலமே அவர் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்தப் பெண்ணிடம் காட்டிய கனிவைத் தனக்கும் காட்டுவதற்குத் தமிழில் என்ன பெயர்? பலர் 'தன்னிரக்கம்', 'சுய இரக்கம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிழையாகவே படுகிறது. தன்னிரக்கம் என்றால் 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று குமைவது. பௌத்தம் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. 5-ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்த உரையாசிரியர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பாலி நூல், கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை, பக்கத்துப் பகை சோகம் என்கிறது. சோகம் கருணை மாதிரியே தெரியும், அதனால்தான் அது பக்கத்துப் பகை.

இந்தக் கனிவுக்குப் பௌத்தத்தில் உள்ள மூலச்சொல் பாலியில் 'மெத்தா', வடமொழியில் 'மைத்ரீ'. இரண்டுக்கும் வேர் நண்பனைக் குறிக்கும் சொல்தான். சுதேசமித்திரன் என்ற பழைய நாளிதழின் பெயரில் வரும் அதே மித்திரன். தமிழுக்கும் இது பழைய சொல். மணிமேகலையின் கடைசிக் காதை "மைத்திரி கருணா முதிதை" (முதிதை என்றால் பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது) என்று வரிசையாகச் சொல்லி, இவற்றால் செற்றம் அறுக்கச் சொல்கிறது. செற்றம் என்றால் தீராத கோபம். அது தன்மேலேயே இருந்தாலும் செற்றம்தானே? மைத்திரித் தியானத்தை முதலில் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறார் புத்தகோசர். நான் சுகம் விரும்புவது போலத்தான் பிறரும் என்று உணர, தானே சாட்சி.

புத்தர் சொன்ன அம்பு உவமையும் இங்கே பொருந்தும். உடம்பில் படும் வலி முதல் அம்பு. அதை நினைத்து மனம் அடித்துக்கொள்வது இரண்டாவது. பால் போனது முதல் அம்பு, செருப்படி இரண்டாவது.

சரி, தமிழ்ச் சொல்? நான் 'தற்பரிவு' என்பேன். தற்காப்பு, தற்பெருமை போலப் புணர்ந்தது. பரிவில் தாய்மை இருக்கிறது: "பால் நினைந்தூட்டும் தாயினும் சாலப் பரிந்து" என்கிறார் மாணிக்கவாசகர். மெத்தாவைப் பற்றிய 'மெத்த சுத்தம்' என்ற பாலி உரையும் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்துக் காக்கும் தாயைத்தான் உவமை சொல்கிறது. இரக்கம் சில நேரம் மேலிருந்து கீழே பார்க்கும். பரிவு பக்கத்தில் வந்து உட்காரும்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். மைத்ரீ என்றதும், "சின்னப் பிள்ளையில பன்சலைப் பக்கம் கேட்டிருக்கேன்" என்றார். பன்சலை என்றால் சிங்களத்தில் புத்தர் கோயில். அப்புறம், "அப்போ எனக்கு நானே 'விடு கண்ணு'ன்னு சொல்லிக்கணுமா?" என்று கேட்டார். தன்னையே கண்ணு என்று கூப்பிட வெட்கமாக இருந்தது போல. கொஞ்ச நேரம் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "விடு, பால்தானே" என்றார், மெதுவாக.