ஒவ்வாமை: 'பால் ஒத்துக்காது' என்றால் எந்த ஒத்துக்காது?

"பிள்ளைக்குப் பால் ஒத்துக்காதுங்க. இந்த பிஸ்கட் கொடுக்கலாமா?" என்று மளிகைக் கடையில் கேட்டேன். கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். "பச்சைப் புள்ளி இருக்குது பாருங்கக்கா, தைரியமாக் கொடுங்க." அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளம். பாலும் நெய்யும் சைவம்தானே! பின்பக்கம் பொடி எழுத்தில் 'மில்க் சாலிட்ஸ்', 'வே பவுடர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டும் பால்தான்.

'அலர்ஜி' 1906இல் பிறந்த சொல். உருவாக்கியவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே. குதிரை இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரத்தை இரண்டாம் முறை ஊசியில் பெற்ற குழந்தைகளின் உடல், முதல் முறையைவிட வேகமாகவும் கடுமையாகவும் எதிர்வினை காட்டியதை அவர் கவனித்திருந்தார். கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் செயல். உடல் வேறு விதமாகச் செயல்படுகிறது என்பதே அவர் வைத்த பொருள்.

தமிழில் இதற்கு 'ஒவ்வாமை'. ஒவ்வு என்றால் பொருந்து, இணங்கு. அதன் எதிர்மறை ஒவ்வா. 'மை' சேர்ந்தால் பெயர்ச்சொல். 'சிறப்பொவ்வா' என்று 972ஆம் குறளிலேயே இருக்கிறது. அங்கே 'ஒத்திராது' என்று பொருள். வீட்டில் நாம் சொல்லும் 'ஒத்துக்காது'வும் இதே குடும்பம்தான். அதனால் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் விளங்கும் கலைச்சொல் இது. எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியாகிறவரும் 'ஒத்துக்காது' என்கிறார். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை உடைக்கும் நொதி அவருக்குக் குறைவு. கொஞ்சம் குடித்தால் தாங்கும், தயிர் பலருக்குச் சரிப்பட்டு வரும். இதை 'லாக்டோஸ் செரியாமை' என்று சொல்வதே சரி. பால் ஒவ்வாமை வேறு. கேசீன் போன்ற பால் புரதங்களை உடலின் நோய் எதிர்ப்பாற்றல் பகையாக எடுத்துக்கொள்கிறது. தடிப்பு, உதடு வீக்கம், சிலருக்கு மூச்சுத்திணறல், உயிருக்கே ஆபத்து என்று போகும். சிறிதளவு போதும், தயிரும் ஆகாது. 'லாக்டோஸ் இல்லாத பால்' வாங்கிக் கொடுத்தாலும் காப்பாற்றாது. சர்க்கரைதான் உடைக்கப்பட்டிருக்கும், புரதம் அப்படியே இருக்கும்.

ஒவ்வாமையைத் தூண்டும் பொருளை ஆங்கிலத்தில் 'அலர்ஜென்' என்பார்கள். அதற்குத் தமிழில் 'ஒவ்வாமை ஊக்கி' என்று எழுதுகிறார்கள். பாக்கெட்டுக்கு 'ஒவ்வாப்பொருள்' போதும் என்பேன். சிறியது, சட்டென்று புரியும்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிமுறைகள், பாலும் பால் பொருள்களும் சேர்ந்திருந்தால் 'கன்டெய்ன்ஸ்' (உள்ளது) என்று போட்டுத் தனியாக அறிவிக்கச் சொல்கின்றன. பால் சேர்ந்த வேறு பண்டமும் அதே இயந்திரத்தில் ஓடி, பால் ஒட்டிக்கொள்ள வாய்ப்பிருந்தால் 'மே கன்டெய்ன்' (இருக்கக்கூடும்). நல்ல விதி. ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். மற்ற மொழிகளைக் கூடுதலாகச் சேர்க்கலாம், கட்டாயமில்லை. தமிழ் மட்டும் படிக்கிற தாய்க்கு அந்த வரி இருந்தும் இல்லாத மாதிரிதான். பேக்கரியில் கண்ணாடி பாட்டிலிலிருந்து எடுத்துத் தரும் பிஸ்கட்டுக்கு அந்த வரியும் கிடையாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

'ஒவ்வாப்பொருள்: பால் உள்ளது.' 'பால் கலந்திருக்கக்கூடும்.' பாக்கெட்டில் இந்த இரண்டு வரிக்கு எவ்வளவு இடம் வேண்டும்? கடையில் நான் இப்போதெல்லாம் 'ஒத்துக்காது' என்று நிறுத்துவதில்லை. "பால் ஒவ்வாமைங்க, துளி பட்டாலும் மூச்சுத் திணறும்" என்கிறேன். அதே கடைக்காரர் இப்போது கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படிக்கிறார்.