பூ உதிர்கிறது, பிஞ்சு நிற்கவில்லை

"பூ பூவா கொட்டுதுடா தம்பி, ஒரு பிஞ்சுகூட நிக்கல" என்றார் அத்தை. திருவையாறு பக்கம் அவர் வீட்டுக் கொல்லையில், சிமெண்ட் தூணில் ஏற்றிவிட்ட டிராகன் பழக் கொடி. சிவப்புச் சதை ரகம். ஆனியிலிருந்து மொட்டு விட்டுக்கொண்டே இருக்கிறதாம்.

இந்தச் செடியைப் புரிந்துகொள்ள ராத்திரியில்தான் பார்க்க வேண்டும். கள்ளிக் குடும்பம்தான், ஆனால் மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறி வளர்ந்த கள்ளி. நாம் இலை என்று நினைக்கும் முப்பட்டைத் தண்டுதான் இதற்குச் சமையற்கட்டு. மற்ற செடிகள் பெரும்பாலும் பகலில் இலையிலுள்ள நுண்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கும். அப்போது தண்ணீரும் ஆவியாகிப் போகும். இது பொழுது சாய்ந்த பிறகே துளைகளைத் திறக்கிறது. வாங்கிய வாயுவை மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாக்கி செல்களுக்குள் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமிப்பிலிருந்து வாயுவை எடுத்து வெயிலின் துணையோடு சர்க்கரையாக்குகிறது. விடியற்காலையில் தண்டில் புளிப்பு ஏறியிருப்பதும் சாயங்காலம் இறங்கிவிடுவதும் இதனால்தான்.

இந்தப் புளிப்பை நாக்காலேயே கண்டுபிடித்தவருக்கு நம் டெல்டாவோடு தொடர்பு உண்டு. மிஷன் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்த பெஞ்சமின் ஹெய்ன், இதே வழியில் வாயு சேமிக்கும் ரணகள்ளிச் செடியின் இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சப்பென்று ஆகிவிடுவதையும் கவனித்து எழுதினார். லண்டன் லின்னேயன் சங்க இதழில் அது 1815இல் வெளியானது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் கவனிப்பு அது.

சரி, மண்ணுக்கு வருவோம். நம் களிமண்ணில் ஐப்பசி அடைமழைத் தண்ணீர் நின்றால், மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளியேறி வேர் மூச்சுத் திணறி அழுகும். மணலும் மக்கிய எருவும் கலந்து ஒரு முழத்துக்கு மேடு கட்டி, அதில் நடுங்கள். வெற்றிலைக் கொடிக்காலில் செய்வதுபோல அகத்தியில் ஏற்றிவிட முடியாது. வளர்ந்த கொடியின் கனத்தை அது தாங்காது.

பூ ஏன் கொட்டியது? நெல் பூவுக்கு யார் உதவியும் வேண்டாம், தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிடும். டிராகன் பூ அப்படியில்லை. மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி, மகரந்தப் பைகளுக்கு மேலே எட்டாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சொந்த ஊரில் வௌவாலும் பெரிய அந்துப்பூச்சியும் மகரந்தம் சுமந்து வரும். சிவப்பு ரகங்கள் பலவற்றில் இன்னொரு சிக்கல்: தன் மகரந்தமே விழுந்தாலும் பூ அதை ஏற்காது. வேறு ரகத்திலிருந்து வர வேண்டும்.

பக்கத்து வீட்டு மாடித் தொட்டியில் வெள்ளை ரகம் இருந்தது. இரண்டும் ஒரே ராத்திரி பூத்த அன்று, ஒன்பதரை மணிக்கு டார்ச்சோடு போனோம். கிட்டத்தட்ட ஒரு அடி நீளப் பூ, உள்ளே நூற்றுக்கணக்கான மஞ்சள் இழைகள். வெள்ளைப் பூவின் மகரந்தத்தைக் கிண்ணத்தில் தட்டி, பெயிண்ட் பிரஷ்ஷால் அத்தையின் மூன்று பூக்களுக்கும் தடவினோம். பழத்தின் கறுப்பு விதை ஒவ்வொன்றுக்கும் ஒரு மகரந்தத் துகள் தேவை. விதை கூடினால் பழமும் பெருக்கும். அதனால் தாராளமாகவே தடவினேன். மூன்றாவது பூவுக்கு வரும்போது கிண்ணத்தில் கொஞ்சம்தான் மிச்சம்.

காலையில் மூன்றும் வாடித் தொங்கின. ஐந்தாம் நாள் அத்தை போன் செய்தார்: "ரெண்டுக்கு அடி பச்சையா நிக்குது. ஒண்ணு மஞ்சளாயிடுச்சு." பச்சை நின்றால் பிஞ்சு பிடித்துவிட்டது என்று அர்த்தம். சிவக்க இன்னும் ஒரு மாதம் ஆகும்.