இரண்டு தந்திகள், மூன்றாவது சுரம்

நாற்பத்திரண்டு வயதில் முதன்முதலாக எலக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "விரல் நுனி காய்த்துப்போகும் அளவுக்குப் பழகி ஈ மேஜர் கார்டைப் (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் பிடி) பிடித்துவிட்டேன். கரகரப்பூட்டும் டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசித்தால் இனிமையாக இருக்கிறது, போட்டால் ஒரே இரைச்சல். ஆனால் ஒற்றை விரலில் பிடிக்கும் ஏ பவர் கார்டு அதே டிஸ்டார்ஷனில் அறையே அதிர ஒலிக்கிறது. என் விரலில் கோளாறா, இல்லை இந்த வயதுக்கு மேல் வராதா?"

விரலிலும் கோளாறில்லை, வயதிலும் இல்லை. விரலின் நீளத்தையும் கைரேகையையும் பார்த்து 'உனக்குக் கலை வராது' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வெறும் மூடநம்பிக்கை. 1995இல் நரம்பியல் ஆய்வாளர் அல்வாரோ பாஸ்குவல்-லியோன் குழுவினர், பியானோவே வாசித்தறியாத பெரியவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். தினமும் 2 மணி நேரம், 5 நாட்கள். அதற்குள்ளாகவே அந்த விரல்களை இயக்கும் மூளைப் பரப்பு விரிந்திருந்தது. சிறுவயதில் தொடங்கியவர்களுக்குக் கூடுதல் அனுகூலம் உண்டுதான். அதற்காகப் பெரியவர்களின் மூளை மாறாமல் நின்றுவிடுவதில்லை.

அப்படியானால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? தந்தியிலிருந்து ஆம்ப் (ஒலிபெருக்கும் கருவி) வரையிலான பாதை பள்ளியில் படித்ததுதான். எஃகுத் தந்தி காந்தத்துக்கு அருகே அதிர்கிறது, காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831இல் கண்டது. ஆம்ப் அந்தச் சின்ன மின்னழுத்தத்தைப் பெருக்குகிறது. கெயினை, அதாவது பெருக்கும் அளவை, கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதனால் அதற்கு மேல் பெருக்க முடிவதில்லை. அலையின் உச்சியும் பள்ளமும் சீவிவிட்டதுபோல் தட்டையாகின்றன. அதுதான் டிஸ்டார்ஷன். 1964இல் தி கிங்க்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டேவ் டேவிஸ் தன் ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கிழித்துத் தேடியதும் இந்தக் கரகரப்பைத்தான்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. தட்டையாக்கப்பட்ட அலை வெறும் கரகரப்பான பழைய அலை அல்ல. அதற்குள் புதிய சுரங்கள் பிறந்திருக்கின்றன.

ஏ பவர் கார்டில் இருப்பவை இரண்டே சுரங்கள்: ஐந்தாம் தந்தி திறந்தபடி 110 ஹெர்ட்ஸ், நான்காம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் (வீணையின் மெட்டு போன்றது) ஏறக்குறைய 165 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் விகிதம் 2:3, நம் சட்ஜம்–பஞ்சமம். ஆம்ப் நேர்மையாகப் பெருக்கும்வரை இவை ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒரே கம்பியில் அருகருகே போய்க்கொண்டிருக்கும். அலையைத் தட்டையாக்கும்போதோ, கணிதப்படி பார்த்தால், இரண்டின் கூட்டலை வர்க்கமாக்குவதும் கனமாக்குவதும் நடக்கிறது. (a+b)² என்றால் a², b² மட்டுமில்லை, நடுவில் 2ab என்று ஒன்று வருமே, அது இங்கே காதால் கேட்கக்கூடிய பொருள்! இரண்டு சைன் அலைகளைப் பெருக்கினால் அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் கிடைக்கும் என்ற முக்கோணவியல் சூத்திரம் நினைவிருக்கலாம். 165 − 110 = 55. 165 + 110 = 275. கனத்தில் வரும் 3a²b, கீழ்ச் சுரத்தின் இரு மடங்கிலிருந்து மேல் சுரத்தைக் கழித்துத் தருகிறது: 220 − 165. அதுவும் 55!

கிட்டாரின் மிகத் தடித்த தந்தியே திறந்தபடி 82 ஹெர்ட்ஸ்தான். 55 ஹெர்ட்ஸை அதில் எந்தத் தந்தியும் எழுப்ப முடியாது. யாரும் மீட்டாத சுரம் அது, ஆம்புக்குள் பிறந்தது.

அத்தோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தந்தியும் தன் சுரத்தோடு அதன் மடங்குகளையும் சேர்த்தே ஒலிக்கும். 110, 165, 220, 330 எல்லாமே 55இன் மடங்குகள், ஆனால் 55, 275, 385 போன்ற படிகள் அந்த ஏணியில் விடுபட்டிருந்தன. டிஸ்டார்ஷன் சரியாக அவற்றைத்தான் நிரப்புகிறது. 2:3 விகிதத்தில் எதைக் கூட்டினாலும் கழித்தாலும் 55இன் மடங்கைத் தவிர வேறெதுவும் வராது என்பதே காரணம். சின்ன ஆம்பின் ஸ்பீக்கரால் 55 ஹெர்ட்ஸைச் சரியாக வெளியிட முடியாது என்று ஒருவர் மறுக்கலாம். உண்மை. ஆனால் மேற்படிகள் நிரம்பியிருந்தால் அடிப்படைச் சுரத்தை மூளையே ஊகித்துக் கேட்டுக்கொள்ளும்.

இப்போது ஈ மேஜருக்கு வருவோம். ஆறு தந்திகள், பதினைந்து ஜோடிகள், ஒவ்வொரு ஜோடிக்கும் கூட்டலும் கழித்தலும். அதோடு, கார்டுக்கு இனிமை தரும் காந்தாரம் ஃபிரெட்டில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. 164.8 ஹெர்ட்ஸுக்கு 4:5 விகிதத்தில் 206 வர வேண்டும், மூன்றாம் தந்தி தருவது 207.7. சுத்தமான ஒலியில் இது உறுத்தாது. டிஸ்டார்ஷனில் கழித்துப் பாருங்கள்: 207.7 − 164.8 = 42.9. அடுத்த ஜோடி, 246.9 − 207.7 = 39.2. விகிதங்கள் துல்லியமாக இருந்திருந்தால் இரண்டும் 41.2இல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவை. சேராமல் ஒன்றோடொன்று மோதி நொடிக்கு மூன்று நான்கு தடவை உறுமுகின்றன. இதுபோல இன்னும் பல ஜோடிகள். நண்பரே, நீங்கள் கேட்ட இரைச்சல் இதுதான். கார்டைச் சரியாகப் பிடித்ததால் வந்தது. முழுக் கார்டுகளைக் கெயின் குறைத்து வாசியுங்கள், கெயினைக் கூட்டும்போது இரண்டு தந்திகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பேய்ச் சுரத்தைக் கண்டுகொள்ள மின்சாரமே தேவைப்படவில்லை. இத்தாலிய வயலின் கலைஞர் ஜுசெப்பே தார்த்தினி 1714இல் இரண்டு தந்திகளை ஒன்றாக இழுத்தபோது மூன்றாவதாக ஒன்றைக் கேட்டார். அங்கே ஆம்ப் எது? காதுதான். உட்செவியும் நேர்மையாகப் பெருக்குவதில்லை, மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்குகிறது. 1978இல் டேவிட் கெம்ப், காது ஒலியைக் கேட்பதோடு வெளியிடவும் செய்கிறது என்று காட்டினார். இன்று தூங்கும் பச்சிளங்குழந்தையின் காதில் இரண்டு சுரங்களை ஒலித்து, அதே 'இரு மடங்கில் கழித்தல்' சுரம் திரும்பி வருகிறதா என்று நுண்ணிய மைக்கால் சோதிக்கிறார்கள். வந்தால் உட்செவியின் மயிர்ச்செல்கள் நலம். பேசத் தெரியாத குழந்தையின் செவித்திறனை இப்படி அறிய முடிகிறது. ஆய்வுக்குப் பணம் கேட்பவரிடம் 'இதனால் என்ன பயன், இந்த ஆண்டே சொல்' என்று கேட்கும் குழுக்களை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தார்த்தினிக்கும் கெம்ப்புக்கும் இடையிலான இந்த 264 ஆண்டு இடைவெளி நினைவுக்கு வரும். உடனடிப் பயன் கேட்காமல் ஒரு பங்குப் பணத்தையாவது ஒதுக்கத்தான் வேண்டும்.

நீங்களே செய்து பார்க்க ஒன்று. கெயினைக் கூட்டி, ஏ பவர் கார்டை மீட்டி ஒலிக்க விடுங்கள், மற்ற நான்கு தந்திகளும் அசையாதபடி கையால் தொட்டுக்கொள்ளுங்கள். ஃபிரெட்டின் கணக்குப்படி மேல் சுரம் 165 அல்ல, 164.8. அதனால் அந்த இரண்டு 55களும் மயிரிழை விலகி, ஏறத்தாழ மூன்று நொடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும். நான்காம் தந்தியின் டியூனிங் கீயைக் கொஞ்சம் முறுக்கினால் ஒரு 55 மேலே போகும், மற்றது கீழே இறங்கும், அலைவு படபடப்பாக மாறும். இப்போது மெதுவாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். படபடப்பு தணிந்து, நீண்டு, ஓரிடத்தில் அசைவற்று நிற்கும். அந்த இடத்தில் 2:3 துல்லியம்.