ஃபோர்வேர்ட் செய்த மின்னஞ்சலை ஜிமெயில் ஏன் நம்புவதில்லை?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒரு சின்ன விருந்தினர் விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் இருப்பது சொந்த டொமைனில் ஒரு முகவரி. முதலாளி பார்ப்பதோ கைபேசியில் உள்ள ஜிமெயிலை மட்டும். மே முதல் செப்டெம்பர் வரை சீசன். அறை கேட்டு, புறாத்தீவுக்குப் படகு கேட்டு வரும் மின்னஞ்சல்களில் ஒன்று காணாமல் போனாலும் அது காசு. பலகை முகவரிக்கு வருவதை ஜிமெயிலுக்குத் தள்ளிவிட, அதாவது ஃபோர்வேர்ட் செய்ய, சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சேர்வர் போதும். வீட்டு இணைப்பில் இதை வைக்கப் பார்க்காதீர்கள். ஐபி முகவரி அடிக்கடி மாறும், சேர்வர்கள் மின்னஞ்சலைக் கொடுத்துவாங்கும் வாசலான 25ஆம் போர்ட்டும் பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

அமைப்பது எளிது. வீட்ஸ வெனமா ஐபிஎம்மில் இருந்தபோது எழுதி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் இன்றைக்கும் இதற்கு நல்ல மென்பொருள். எந்த முகவரிக்கு வருவது எங்கே போகவேண்டும் என்று சொல்லும் அதன் அலியாஸ் அட்டவணையில் ஒரு வரி: இடப்பக்கம் விடுதியின் முகவரி, வலப்பக்கம் ஜிமெயில் முகவரி. போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டி, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்தால் சரி. டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்தச் சேர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு இந்தச் சேர்வரைக் காட்டினால் அஞ்சல் ஓடத் தொடங்கும்.

தலைவலி அதற்குப் பிறகுதான். சிலரின் மின்னஞ்சல் வரும், சிலருடையது ஸ்பாமில் விழும், சிலருடையது வந்த சுவடே இருக்காது.

காரணம், ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று நாம் திரையில் பார்ப்பது. மற்றது, ஒரு சேர்வர் இன்னொரு சேர்வரிடம் கடிதத்தைக் கொடுக்கும்போது முதலில் சொல்வது. இதை உறை முகவரி என்பார்கள். கடிதம் போய்ச் சேராவிட்டால் 'பௌன்ஸ்' தகவல் இந்த உறை முகவரிக்குத்தான் திரும்பும். ஜோன் போஸ்டல் 1982இல் எழுதிய, சேர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி விதிமுறையில் இரண்டையும் சோதிக்க வழி எதுவும் இல்லை. யாரும் யார் பெயரிலும் அனுப்பலாம். ஸ்பாம் பெருகிய பிறகு அதன்மேல் ஒட்டுப்போட்டு வந்தவைதான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும்.

இப்போது ஜெர்மனியிலிருந்து ஒருவர் தன் அலுவலக முகவரியில் விடுதிக்கு எழுதுகிறார். நம் சேர்வர் வாங்கி, உறையை மாற்றாமல் ஜிமெயிலுக்குக் கொடுக்கிறது. ஜிமெயில் அந்த அலுவலக டொமைனின் எஸ்பிஎஃப் பதிவைப் பார்க்கிறது. அந்த டொமைன் பெயரில் எந்தெந்த ஐபியிலிருந்து அஞ்சல் வரலாம் என்ற பட்டியல் அது. சிங்கப்பூர் ஐபி அதில் எப்படி இருக்கும்? ஜிமெயிலின் பார்வையில், நேர்மையாக ஃபோர்வேர்ட் செய்யும் சேர்வருக்கும் போலி ஆசாமிக்கும் இந்த இடத்தில் வித்தியாசம் இல்லை.

இதற்குத் தீர்வு எஸ்ஆர்எஸ். உறை முகவரியை மட்டும் விடுதியின் டொமைனுக்கு மாற்றி எழுதும் முறை. பழைய முகவரி புதியதன் உள்ளே பொதிந்திருக்கும், கூடவே ஒரு தேதிக் குறியும் ரகசியச் சாவியால் உண்டாக்கிய சிறு ஹாஷும் (சரிபார்ப்புக் குறி). பௌன்ஸ் திரும்பி வந்தால் சேர்வர் அதைப் பிரித்து, எழுதியவருக்கே அனுப்பிவிடும். ஹாஷ் இல்லையென்றால் அப்படியொரு முகவரியை யாரும் தாமே புனைந்து நம் சேர்வர் வழியாக உலகெங்கும் ஸ்பாம் விட்டுவிடலாம். போஸ்ட்ஃபிக்ஸுடன் இணைத்து ஓடும் போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி இதைச் செய்கிறது. இணைக்கும்போது, மாற்றம் உறைக்கு மட்டும் என்று போஸ்ட்ஃபிக்ஸிடம் தனியாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் திரையில் தெரியும் முகவரியையும் சேர்த்து மாற்றிவிடும்.

எஸ்பிஎஃப் இப்போது தேறிவிடும், ஆனால் விடுதியின் டொமைனுக்காக. சோதனையில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று டொமைன்காரர் சொல்லிவைக்கும் டிமார்க் கேட்பது வேறு: திரையில் தெரியும் டொமைனுக்காக எஸ்பிஎஃபோ டிகிமோ ஒன்று தேறவேண்டும். ஆகவே நாம் நம்பியிருப்பது டிகிமை. அது அனுப்பிய சேர்வர் கடிதத்தின் உடலுக்கும் முக்கியத் தலைப்புவரிகளுக்கும் போட்ட மின்கையொப்பம். எத்தனை கை மாறினாலும் எழுத்து மாறாதவரை செல்லும். தலைப்பில் 'வெளியார்' என்று ஒரு அடையாளம் சேர்ப்பது, அடியில் 'வைரஸ் சோதிக்கப்பட்டது' என்று ஒட்டுவது, இவை எல்லாம் அந்தக் கையொப்பத்தை உடைத்துவிடும். அந்த அடிக்குறிப்பால் யாருக்கும் பயன் இருந்து நான் கண்டதில்லை. கடிதத்தைத் தொடாமல் விடுங்கள்.

எழுதியவரின் டொமைனில் டிகிம் இல்லாமல், டிமார்க் மட்டும் கறாராக 'நிராகரி' என்று இருந்தால்? அப்போது நம் கையில் இருப்பது ஆர்க் மட்டும். 2019இல் வெளியான இந்த முறையில், 'என்னிடம் வந்தபோது சோதனைகள் இப்படி இருந்தன' என்று நம் சேர்வர் கையொப்பமிட்டுச் சொல்லும். அதை நம்புவதும் விடுவதும் ஜிமெயிலின் இஷ்டம்.

ஸ்பாம் தனிக் கதை. விடுதி முகவரிக்கு வரும் குப்பையையும் அப்படியே தள்ளினால், ஜிமெயிலின் கணக்கில் குப்பை அனுப்புவது நம் ஐபிதான். எனவே வடிகட்டுவது ஃபோர்வேர்டுக்கு முன்னால் நடக்கவேண்டும், அதுவும் எதிர்ச் சேர்வர் இணைப்பில் இருக்கும்போதே மறுத்துவிடவேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பௌன்ஸ் அனுப்பினால், பெயர் களவாடப்பட்ட அப்பாவி ஒருவருக்கு அது போய்ச் சேரும். ஐபிக்கான பிடிஆர் பதிவையும் (அந்த ஐபி எந்தப் பெயருக்கு உரியது என்று காட்டுவது) மறக்கவேண்டாம். ஜிமெயில் 2024 பெப்ரவரியிலிருந்து எல்லா அனுப்புநரிடமும் அதை எதிர்பார்க்கிறது. அதை வைப்பது டொமைன் வாங்கிய இடத்தில் அல்ல, சேர்வர் வாடகைக்குத் தருபவரின் பக்கத்தில்.

முதலாளி ஜிமெயிலிலும் விடுதி முகவரிக்கு ஃபோர்வேர்ட் போட்டுவைத்தால் கடிதம் வட்டமடிக்கத் தொடங்கும். வழியில் ஒவ்வொரு சேர்வரும் ஒரு வரியைச் சேர்க்கிறது. அந்த வரிகள் 50ஐத் தாண்டினால் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுத்திவிடும், அது வழக்கமான எல்லை.

சோதிக்கும்போது அதே ஜிமெயில் கணக்கிலிருந்து விடுதி முகவரிக்கு எழுதாதீர்கள். தான் அனுப்பிய கடிதமே திரும்பி வந்தால் ஜிமெயில் அதை இன்பாக்ஸில் இரண்டாம் முறை காட்டாது. சேர்வர் ஒழுங்காக வேலை செய்தும் பழுது தேடிக்கொண்டிருப்பீர்கள். வேறொரு நிறுவனத்தின் கணக்கிலிருந்து அனுப்பி, வந்த கடிதத்தின் மூலவடிவத்தை ஜிமெயிலில் திறந்தால், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றின் முடிவும் மேலேயே இருக்கும். எஸ்பிஎஃப் விடுதியின் டொமைனுக்கும், டிகிம் எழுதியவரின் டொமைனுக்கும் தேறியிருக்கவேண்டும்.