நோட்டை வாங்கி எழுதிக்கொண்டால் போதுமா?

இந்தத் தை, மாசியில் என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வத்துக்குப் பொங்கல். அப்புறம், "மே மாசம் கூட்டம் தாங்காது டீச்சர், இப்பவே ஊட்டி போய்ட்டு வந்துடறோம்." போன வாரம் ஒரு அப்பா வாசலில் நின்று சொன்னார்: "ஒண்ணாவதுதானே டீச்சர், நோட்டை வாங்கி எழுதிக்க மாட்டானா? எட்டாவது வரைக்கும் ஃபெயிலும் கிடையாதே." இதை எழுத வைத்தது அவர்தான்.

ஃபெயில் கிடையாது, சரி. பையன் அடுத்த வகுப்புக்குப் போவான். வாசிக்கத் தெரியாமலேயே போவான்.

நோட்டு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒன்று, இரண்டாம் வகுப்பில் பாடம் நோட்டில் இல்லை. வாயிலும் காதிலும் நடக்கிறது. 'கெ', 'கே' என்று பலகையில் எழுதி, சொல்ல வைத்து, அட்டைகளைக் கலைத்துப் போட்டு எடுக்கச் சொல்லி, தப்பாக எடுத்தவனை மறுபடி எடுக்க வைத்து, கடைசியாகத்தான் நோட்டைத் திறக்கிறோம். அந்த வாரம் ஊரில் இல்லாத பிள்ளையை, வாட்ஸப்பில் வந்த போட்டோவைப் பார்த்து அம்மா எழுத வைக்கிறார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்து இது என்ன என்று கேட்டால் பிள்ளை முழிக்கிறது. எழுதவில்லை, வரைந்திருக்கிறது! அதற்குள் வகுப்பு 'கொ', 'கோ'வுக்குப் போய்விட்டது. கொம்பே பிடிபடாத பிள்ளைக்குக் கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் என்ன புரியும்? 'தொடு', 'தோடு' இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கும்.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறோம். மொட்டில் இருந்த பிள்ளை லீவு முடிந்து வந்து அரும்பில் உட்காருகிறது. கூட இருந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். பிள்ளைக்கு இது உறைக்காது என்று நினைக்கிறீர்களா?

லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதாதீர்கள். உள்ளே நுழைந்ததுமே ஊட்டி ரயில் கதை வெளியே வந்துவிடும். நிஜமாகவே காய்ச்சல் வந்தால் மட்டும் மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். 11 மணிக்கு மறுபடி கொதிக்கிறது. அது தனி வருத்தம்.

செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ குடும்பத்தோடு போகிறவர்களை நான் திட்டவில்லை. தயவுசெய்து சொல்லிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, போகிற ஊர் அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டி.சி. வரத் தாமதமானால்கூட மறுக்கக் கூடாது.

மற்றவர்களுக்கு: முகூர்த்தத்தன்று கூட்டிப் போங்கள், பந்தக்கால் நட்டதிலிருந்து மறுவீடு வரை வேண்டாம். ஊர் சுற்றக் காலாண்டு, அரையாண்டு விடுமுறை இருக்கிறது, மே முழுக்க இருக்கிறது. ஜூனில் பள்ளி திறந்த முதல் மாதம் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால், என்ன எழுத்து நடக்கப்போகிறது என்று என்னிடம் வந்து கேளுங்கள், அட்டை தருகிறேன். பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசிக்க வையுங்கள். திரும்பி வந்த ராத்திரி நோட்டைத் திறக்காதீர்கள். பிள்ளை தூங்கட்டும், காலையில் முதல் மணிக்கே அனுப்புங்கள். விட்டுப்போனதை நான் பார்த்துக்கொள்கிறேன்.