மியூசிக்கல் ஸ்டாண்ட்-அப்: தமிழில் விகட கச்சேரி

‘சர்ரியல் மியூசிக்கல் ஸ்டாண்ட்-அப் காமெடியன்’ என்று ஒருவரைப் பற்றி எழுத வேண்டி வந்தால், நாலு சொல்லையும் அப்படியே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சேலத்தில் ஒட்டுகிற போஸ்டரிலும் அதுதான் கதி. அதிலுள்ள ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’யை, அதாவது ஒற்றை ஆள் மேடையில் பேசிச் சிரிக்க வைப்பதை, மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்கள் ‘நின்றபடி நகைச்சுவை’ என்று எழுதியதும் உண்டு. நம் ஊரில் பட்டிமன்றப் பேச்சாளர் தொடங்கி, மேடையேறிப் பேசுகிற பெரும்பாலோர் நின்றுதான் பேசுகிறார்கள். நிற்பதில் என்ன விசேஷம்?

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லின் பிறப்பு சுவாரசியமானது. லண்டனின் ‘தி ஸ்டேஜ்’ பத்திரிகை 1911இல் நெல்லி பெரியர் என்ற கலைஞரைப் பற்றி எழுதும்போது ‘ஸ்டாண்ட்-அப்’ என்கிறது. அது அங்கே குறித்தது பேச்சையல்ல, அவர் பாடிய வேடிக்கைப் பாட்டுகளை. பாட்டு உதிர்ந்து வெறும் பேச்சு மிஞ்சியது பிற்பாடுதான். ஆகவே மியூசிக்கல் ஸ்டாண்ட்-அப் என்பது யாரோ இரண்டு கலையை ஒட்டுப்போட்டுச் செய்த புதுச் சரக்கு அல்ல.

‘சர்ரியல்’ பிரெஞ்சுச் சொல். ‘சுர்’ என்றால் மேலே. மெய்ம்மைக்கு மேலே உள்ளது என்று பொருள். கவிஞர் கியோம் அப்போலினேர் 1917இல் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1924இல் ஆந்த்ரே பிரெதோன் அறிக்கை எழுதி அதை ஓர் இயக்கமாக்கினார். தமிழில் இதற்கு மீமெய்யியல், அடிமன வெளிப்பாடு, மிகை யதார்த்தம் என்று பல பெயர்கள். ‘மீ’ என்றாலே மேல் என்பதால் முதலாவது பொருந்துகிறது. ‘மிகை’ தவறு. இது அளவு கூடிப்போன யதார்த்தம் அல்ல, வேறொரு விதிப்படி நடக்கிற யதார்த்தம்.

அந்த விதியைப் பார்க்க பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. முள்ளு முனையிலே மூணு குளம் வெட்டிய நாட்டுப்பாட்டு நம் பாட்டிமாருக்கெல்லாம் தெரியும். மூன்று குளத்தில் இரண்டு பாழ், ஒன்றில் தண்ணீரே இல்லை. அந்தத் தண்ணியில்லாக் குளத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடி கிளம்பும். அங்கேயும் மூன்று வரும், இரண்டு உருப்படாது, மிச்சம் ஒன்றும் உருப்படாது. உருப்படாத அந்த ஒன்றுதான் அதற்கடுத்த அடிக்குக் கதாநாயகன். முதல் வரியில் மட்டும்தான் பொய் இருக்கிறது. முள் முனையில் குளம் வெட்டலாம் என்பதை ஒப்புக்கொண்டால், மற்றதெல்லாம் கணக்குப்பிள்ளை ஒழுங்கோடு நடக்கும். தாளமும் அடி மாறாது. சர்ரியல் நகைச்சுவையின் இலக்கணம் இவ்வளவுதான்: ஒன்று மட்டும் பிசகு, மீதி எல்லாம் கறார்.

புதிதாக எழுதுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். எல்லாவற்றையும் விசித்திரமாக்கிவிடுகிறார்கள். பேசும் மாம்பழம், பறக்கும் பஸ், அழுகிற நிலா என்று அடுக்கினால் கேட்பவருக்குக் கால் ஊன்ற இடமில்லை. மூன்றாவது அதிசயத்திலேயே கொட்டாவி வரும். மாம்பழத்தை மட்டும் பேச விடுங்கள். சளி பிடித்த சேலத்து மல்கோவா ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ஓ.பி. சீட்டு போடுகிறவர் தலை நிமிராமல் கேட்கிறார். பெயர்? மல்கோவா. வயது? வைக்கோல்ல வெச்சு நாலு நாள். கூட வந்தவர்? கிளிமூக்கு. அப்படியே எழுதிக்கொண்டு, ‘ரெண்டாவது மாடி, பத்தாம் நம்பர்’ என்கிறார். சீட்டு எழுதுகிறவர் ஆச்சரியப்பட்டால் நகைச்சுவை செத்தது. ஆச்சரியப்பட வேண்டியவர் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்.

இனி, மேடையில் பாடியும் பேசியும் சிரிக்க வைக்கிற ஆளுக்குத் தமிழ் என்ன பெயர் வைத்திருந்தது? ஒன்றல்ல, பல.

வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன். அரசன் வரும்போது விருதுகளைச் சொல்லிக் கூவுவது கட்டியம். அதைச் சொல்ல வந்தவன் ராஜாவையே கேலி செய்கிறவனாக வளர்ந்தான். சேலம், நாமக்கல், தர்மபுரி பக்கத்துக் கூத்தில் கோமாளி என்றால்தான் தெரியும். மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் பின்னால் இருக்க, துரியோதனன் சபையில் நின்றுகொண்டு ரேஷன் கடை சர்க்கரையைப் பற்றிப் பேசுவார். சபையில் ஒருவரும் அதை விசித்திரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேலே சொன்ன விதி கூத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த ஸ்பெஷல் நாடகத்தில் அவர் பெயர் பபூன். கதை தொடங்குமுன் மேடைக்கு வந்து, பாடி, தனியாகப் பேசிச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிற பங்கு அவருடையது. ‘பஃபூன்’ என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக இத்தாலிய ‘பஃபோனே’யிலிருந்து வந்தது, வேர்ப்பொருள் கன்னத்தை உப்பி ஊதுவது. இத்தாலியர் வேடிக்கை இசைநாடகத்தை ‘ஓபெரா பஃபா’ என்பதும் இதே வேர். ஆனால் இன்றைய பேச்சில் பபூன் என்றால் திட்டு. ஒரு கலைஞரை மேடைக்கு அழைக்க அது உதவாது.

அடுத்தது விகடம். வடமொழியில் ‘விகட’ என்றால் வழக்கத்துக்கு மாறான அளவோ தோற்றமோ கொண்டது. கோரமானது என்றும் பொருள். ‘லம்போதரச்ச விகடோ’ என்று பிள்ளையாருக்குச் சொல்கிற பெயர்களில் வருவது இதுதான். தமிழுக்கு வந்து அது கேலிப் பேச்சாக நிலைத்தது. தெனாலிராமனை விகடகவி என்றோம். சொல்லையே திருப்பிப் படித்தாலும் விகடகவிதான். 1926இல் தொடங்கிய ஒரு பத்திரிகை தன்னை ஆனந்த விகடன் என்றது. மேடையில் ஒற்றை ஆள் பேச்சு, பாட்டு, பல குரல் எல்லாம் கலந்து நடத்தியதற்கு விகட கச்சேரி என்று பெயர். கல்யாண வீடுகளில்கூட நடந்தது. பிறழ்ந்த வடிவம் ‘விகட’த்தில் இருக்கிறது, சிரிப்பும் அதிலேயே இருக்கிறது, இசை ‘கச்சேரி’யில் இருக்கிறது. சர்ரியல், காமெடி, மியூசிக்கல் மூன்றும் இரண்டே சொல்லில் அடங்கியாயிற்று. புதுச் சொல் எதற்கு?

தனித்தமிழ் அன்பர்கள் மறுப்பார்கள். நியாயம்தான், கச்சேரியும் இந்துஸ்தானிச் சொல், முதலில் கலெக்டர் கச்சேரியைக் குறித்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என்று நகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது. ஆகவே ‘நகை’யை வைத்துக் கட்டலாம் என்பார்கள். ஆனால் கொலுசுக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டையில் ‘நகை அரங்கம்’ என்று போர்டு வைத்துப் பாருங்கள், செய்கூலி சேதாரம் கேட்டுத்தான் ஆட்கள் வருவார்கள். கட்டுரை, ஆய்வு போன்றவற்றுக்கு ‘மீமெய் இசைநகை’ சரி. மேடைக்கு விகட கச்சேரி.

இந்தத் தொழிலை இன்று செய்கிறவர்களில் நன்றாக அறியப்பட்டவர் பிரிட்டனின் பில் பெய்லி. கீபோர்டு, கிட்டார், கையால் தொடாமலே வாசிக்கிற தெரெமின் எல்லாம் அவர் மேடையில் இருக்கும். சிறு கிளப்புகளில் தொடங்கி, எடின்பரோ விழா, பிறகு டிவி, பிறகு பெரிய அரங்கு என்று அந்நாட்டு வழக்கமான ஏணியில்தான் ஏறினார். 1996இல் எடின்பரோ விழாவில் காமெடிக்குத் தந்த பெரியர் விருதுக்கான பட்டியலில் இடம்பெற்றார். விருது டிலன் மோரனுக்குப் போனது. இருவரும் பிறகு ஒரே டிவி தொடரில் நடித்தார்கள். 2008இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ராவையே கூட வைத்துக்கொண்டு ஒரு விகட கச்சேரி செய்தார். நம்மிடம் இதற்கு நெருங்கிய முன்மாதிரி, வில்லுப்பாட்டிலிருந்து வந்த என்.எஸ்.கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபம்.

பெய்லி அடிக்கடி செய்கிற வித்தை, எல்லாருக்கும் தெரிந்த மெட்டை மேஜரிலிருந்து மைனருக்கு மாற்றுவது. கர்நாடக இசைக் கணக்கில் இது எளிது. மேஜர் என்பது நம் சங்கராபரணம். கீபோர்டில் ஒரு கட்டையில் (மேற்கத்திய ‘C’) சுருதி வைத்தால் அது முழுக்க வெள்ளைக் கட்டைதான். அந்தர காந்தாரத்தை மட்டும் சாதாரண காந்தாரமாக இறக்கினால், அதாவது மூன்றாவது வெள்ளைக் கட்டைக்குப் பதில் அதற்கு இடப்பக்கக் கறுப்பைத் தொட்டால், கௌரிமனோகரி. தைவதத்தையும் நிஷாதத்தையும் கூட இறக்கினால் நடபைரவி. பிறந்தநாள் பாட்டு இழவு வீட்டுப் பாட்டாகிவிடும். ரிஷபத்தையும் தைவதத்தையும் மட்டும் இறக்கினால் மாயாமாளவகௌளை. அதே பாட்டு கோயில் வாசலில் கேட்கும். மெட்டு முதல் நான்கு சுரத்திலேயே கேட்பவருக்குப் பிடிபட வேண்டும். ‘இது இன்ன பாட்டு’ என்று அறிவித்துவிட்டு வாசித்தால் பாதி சிரிப்பு போயிற்று.

பாட்டுக்குள் ஜோக் வைப்பதில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் வாக்கியம் வினையில் முடியும். ‘மாம்பழத்துக்கு ஜலதோஷம் பிடிச்சிருச்சு’ என்றால் சிரிப்பு ‘ஜலதோஷ’த்திலேயே வந்துவிடும், ‘பிடிச்சிருச்சு’ அந்தச் சத்தத்தில் அநாதையாக நிற்கும். ‘ஜலதோஷம் பிடிச்சது யாருக்கு? மாம்பழத்துக்கு’ என்று திருப்ப வேண்டும். எட்டு அட்சர ஆதி தாளமானால் சிரிப்புச் சொல்லை ஆறாவது அட்சரத்தில் முடித்து, கடைசித் துருதத்தின் இரண்டு அட்சரத்தையும் காலியாக விடுங்கள். கை வாத்தியத்தைத் தொடவே கூடாது. அங்கே ஒரு ஃபில் (இடைவெளியை நிரப்புகிற சிறு வாசிப்பு) அடிக்கிற கீபோர்டுகாரர்தான் பெரும்பாலான சிரிப்பைக் கொல்கிறார். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கிற லூப் பெடல் வைத்திருந்தால் இன்னொரு கவனம்: ஒவ்வொரு அடுக்கு பதிவாகும் நேரமும் மேடையில் செத்த நேரம். இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். மிதிப்பது இம்மி தாமதமானாலும் அந்த இடைவெளி சுற்றுக்குச் சுற்று திரும்பி வரும்.

மைக்செட்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது எக்கோ. பாட்டுக் கச்சேரி என்று காதில் விழுந்ததும் எக்கோவை ஏற்றிவிடுவார். பேசும்போது கடைசிச் சொல் வாலாக இழுபட்டு ஜோக் கரைந்துபோகும். பேச்சு மைக்கையும் பாட்டு மைக்கையும் தனித்தனி சானலில் போடச் சொல்லி, எக்கோவைப் பாட்டுக்கு மட்டும் வைக்கச் சொல்லுங்கள். கீபோர்டு ஒயரை மிக்சருக்கு நேராக இழுக்காமல் நடுவில் டி.ஐ. பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றுகிற சிறு பெட்டி) வைத்தால் ‘உம்’ என்ற இரைச்சல் பெரும்பாலும் அடங்கும்.

ஏற்காடு கோடை விழா மாதிரி மலை மேடை என்றால் கூடுதல் தொல்லை. சேலத்து மே மாத வெயிலில் சுருதி சேர்த்த கிட்டார், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனதும் மாறியிருக்கும்: குளிரில் கம்பி இறுகிச் சுருதி ஏறும். மிருதங்கம் நேர் எதிர். ஈரக் காற்றில் தோல் தளர்ந்து இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால் கேட்கச் சகிக்காது. கருவிகளைப் பெட்டியை விட்டு எடுத்து அரைமணி நேரமாவது மேடைக் காற்றில் வைத்துவிட்டுத்தான் சுருதி சேர்க்க வேண்டும். பனி இறங்கினால் கீபோர்டைத் துணியால் மூடி வையுங்கள்.

போஸ்டர் எழுதுகிறவருக்கு: ‘விகட கச்சேரி’யில் ஒற்று மிகாது, சங்கீத கச்சேரி போல. நடத்துகிறவரை, ஆணோ பெண்ணோ, ‘விகடக் கலைஞர்’ என்று போடலாம். கலைஞர் தமிழ்ச் சொல்லாகிவிட்டதால் அங்கே ஒற்றோடு எழுதுவதே வழக்கம். ‘விகடகவி’ மட்டும் வேண்டாம். அது பட்டம், பிறர் கொடுக்க வேண்டும்.