மாவு அரைத்த தேதி எங்கே?

வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சர்க்கரை நோய்க்காக வருகிறவர்களிடம், வீட்டில் பயன்படுத்தும் மாவுப் பாக்கெட்டை அடுத்த முறை கையோடு எடுத்து வரச் சொல்வது என் பழக்கம். முன்பெல்லாம், "மில்லில் அரைத்ததுதாங்க மேடம், பாக்கெட் ஏது?" என்பார்கள். இப்போது கைப்பேசியை நீட்டுகிறார்கள். செயலியைத் திறந்து, வாங்கிய மாவின் படத்தைக் காட்டுகிறார்கள். அதில் பையின் முன்பக்கம் பளிச்சென்று தெரிகிறது: பொன்னிறக் கதிர், சுற்றும் கல், சிரிக்கும் குடும்பம். நான் பார்க்க விரும்பும் பின்பக்கத்தைப் பெரும்பாலானோர் திறந்து பார்த்ததே இல்லை.

வியாசர்பாடியிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு அவருடைய மகள் மாதந்தோறும் 'பலதானிய மாவு' வரவழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சாதாரணக் கோதுமை மாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. சர்க்கரைக்காரர்களுக்கென்றே செய்த மாவு என்ற நம்பிக்கையில், இரவில் மூன்று சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஐந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார். பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கோதுமை தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் என்றும், மீதியில்தான் ஐந்து தானியங்களும் அடக்கம் என்றும் அச்சிட்டிருந்தது. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. ஒரு பொருளின் பெயரை முன்பக்கத்தில் தூக்கிப் பிடித்தால் அதன் அளவைச் சதவீதத்தில் தெரிவிக்க வேண்டும் என்று முகப்புச்சீட்டு விதி சொல்கிறது, அவர்களும் தெரிவித்திருந்தார்கள். சேர்மானப் பட்டியலை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானதற்கு இறங்குவரிசையில்தான் எழுத வேண்டும் என்பதும் விதி. ஆகவே கேழ்வரகு மாவு என்ற பெயரில் ஒன்றை வாங்கும்போது, பட்டியலில் முதலில் நிற்பது கேழ்வரகா கோதுமையா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ராகி சேமியா வாங்குகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதற்குக் காரணம், தானியம் மாவாகிவிட்டால் அதன் முகம் மறைந்துவிடுகிறது என்பதே. கோதுமை மணியில் ஏறக்குறைய நூற்றுக்கு 83 பங்கு உள்ளிருக்கும் வெள்ளை மாவுப்பகுதி, 14 பங்கு தவிடு, மீதி இரண்டரை மூன்று பங்கு முளைக்கரு. நார்ச்சத்தின் பெரும்பகுதி தவிட்டிலும், எண்ணெய் முளைக்கருவிலும் இருக்கின்றன. தெருமுனை மில்லில் நாம் கொடுக்கும் ஐந்து கிலோவும் அப்படியே உள்ளே போய், இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் கொஞ்சம் போக, அப்படியே மாவாக வெளியே வருகிறது. பெரிய உருளை ஆலைகளில் நடப்பது வேறு. அங்கே கோதுமையைச் சுத்தம் செய்து, தண்ணீர் தெளித்துப் பல மணி நேரம் ஊற வைக்கிறார்கள். தவிடு நொறுங்காமல் தோல் போல உரியவும், உள்பகுதி இளகவும் இந்த ஊறல் உதவுகிறது. பிறகு வரி வெட்டிய இரும்பு உருளைகள் மணியைப் பிளக்க, அடுக்கடுக்கான சல்லடைகள் தவிட்டையும் ரவையையும் மாவையும் பிரித்தெடுக்க, வழவழப்பான உருளைகள் மறுபடி மறுபடி நசுக்கி மைதாவை எடுக்கின்றன. நூறு கிலோ கோதுமையில் எழுபது, எழுபத்தைந்து கிலோ வெள்ளை மாவும் ரவையுமாகப் போக, மிஞ்சுவதில் பெரும்பகுதி தவிடாக மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

அதே ஆலையிலேயே, பிரித்த தவிட்டைத் திரும்பக் கலந்து கோதுமை மாவாகவும் விற்கலாம். முழுவதையும் கலந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. எவ்வளவு கலந்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். இந்த இடத்தில் ஊட்டச்சத்து அட்டவணை கைகொடுக்கும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுப்பொருள் அட்டவணைப்படி, 100 கிராம் முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், மைதாவிலோ மூன்று கிராமுக்கும் குறைவு. நார்ச்சத்தை அச்சிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றாலும் பல நிறுவனங்கள் அச்சிடுகின்றன. 'முழுக்கோதுமை' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு அட்டவணையில் நான்கு கிராம் நார்ச்சத்து காட்டும் மாவை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. சேர்மானப் பட்டியலில் 'ஹோல் வீட்' என்றிருந்தால் முழுக்கோதுமை, 'ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்' என்றிருந்தால் மைதா. பிஸ்கட்டிலும் ரொட்டியிலும் பிந்தைய பெயர்தான் பெரும்பாலும் முதலில் நிற்கும்.

மைதா என்றதும், அதில் அலோக்சான் என்ற விஷத்தைச் சேர்க்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நோயாளிகள் என்னிடமே காட்டுகிறார்கள். அலோக்சான், ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைக்கப் பயன்படும் வேதிப்பொருள். மைதா தயாரிப்பில் அதைச் சேர்மானமாகப் போடும் வழக்கம் இல்லை. ரொட்டிக்கான மாவில் முன்பு அனுமதிக்கப்பட்டிருந்த பொட்டாசியம் புரோமேட்டை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் நீக்கியது உண்மை. மைதாவைக் குறைக்கச் சொல்வதற்கு விஷக்கதை எதுவும் தேவையில்லை. தவிடு நீங்கிய நைசான மாவு விரைவில் செரித்துச் சர்க்கரையாகிறது என்ற காரணமே போதும்.

இணையத்தில் மாவு விற்கிறவர்கள் அதிகம் பயன்படுத்தும் சொல் 'கல்லில் அரைத்தது' என்பது. கல்லில் அரைத்தால் மாவு சூடாகாது, ஆகவே சத்து போகாது என்று அதன் கீழே விளக்கமும் எழுதுகிறார்கள். வீட்டுத் திரிகையில் கையால் சுற்றினால் அது சரி. மோட்டாரில் வேகமாகச் சுழலும் சக்கிக் கல்லில் உராய்வு அதிகம், சூடும் அதிகம். மில்லிலிருந்து வாங்கி வந்த தூக்கின் மூடியைத் திறந்து, கை பொறுக்காத மாவைப் பரப்பி ஆற வைத்த அனுபவம் நம் வீடுகளில் யாருக்கு இல்லை? (ஆற வைப்பதைச் செய்தித்தாளில் செய்யாமல் தாம்பாளத்திலோ வெள்ளைத் துணியிலோ செய்யுங்கள், அச்சு மை மாவில் ஒட்டும்.) சௌகார்பேட்டையின் சக்கிக் கடைகளில் கண்ணெதிரே அரைத்துத் தரும் கோதுமை மாவில் சப்பாத்தி மிருதுவாக வருவதற்கும் அந்த அழுத்தமும் சூடும்தான் காரணம். மாவுச்சத்துத் துகள்கள் அதிகம் சிதைந்து, பிசையும்போது கூடுதலாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கின்றன. சப்பாத்தியின் ருசிக்குக் கல் நல்லது என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சத்து கூடுமா என்று கேட்டால், தவிடும் கருவும் உள்ளே இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்வேன்.

இனி, நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். முழுத் தானியம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணம், கருவில் உள்ள எண்ணெயும் அதைச் சிதைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் பூட்டி வைக்கப்பட்டிருப்பதுதான். அரைத்த கணமே அந்தப் பூட்டு உடைந்து, எண்ணெய் காற்றோடும் நொதியோடும் கலந்துவிடுகிறது. மைதாவில் கரு பெரும்பாலும் நீங்கிவிடுவதால் அது நீண்ட நாள் தாங்கும், முழுமாவு தாங்காது. ஆகவே மாவு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது எப்போது அரைக்கப்பட்டது என்பதே. இணையத்தில் அந்தத் தகவல்தான் கிடைப்பதில்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 2018 ஜனவரி முதல் இணைய விற்பனைத் தளங்கள் தயாரிப்பாளர் பெயர், நிகர எடை, அதிகபட்ச விலை போன்றவற்றைத் திரையில் காட்டியாக வேண்டும். தயாரித்த அல்லது பொதித்த மாதமும் ஆண்டும் மட்டும் அந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. கிடங்கில் உள்ள ஒவ்வொரு பைக்கும் தேதி மாறும் என்பதால் அந்த விலக்கு நியாயமாகத் தெரியலாம். சோப்புக்கு அது பொருந்தும், கம்பு மாவுக்குப் பொருந்துமா? விநியோகத்தின்போது பொருளின் ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது காலாவதிக்கு 45 நாளாவது மீதம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் இணைய விற்பனையாளர்களுக்குச் சொன்னது. ஆகவே பை வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தேதியைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் பையைக் கத்தரித்து டப்பாவில் கொட்டிவிட்டால், பிறகு திருப்பி அனுப்பவும் முடியாது, புகார் செய்ய ஆதாரமும் இருக்காது.

கம்பைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. சிறுதானியங்களில் கொழுப்பு அதிகம் உள்ளவற்றில் கம்பு ஒன்று, அதன் நொதியும் வேகமானது. அரைத்துச் சில நாட்களிலேயே சிக்கு வாடையும் கசப்பும் வரத் தொடங்கிவிடும். தண்டையார்பேட்டையைச் சேர்ந்த ஒருவர் இரண்டு கிலோ கம்பு மாவைச் சலுகை விலையில் வாங்கிவிட்டு, கூழ் கசக்கிறது, கம்பே இப்படித்தானா என்று கேட்டார். பொதித்த தேதி நான்கு மாதம் பழையது. நம் பகுதியில் ஆடி மாதம் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுகிறவர்கள், கேழ்வரகையும் கம்பையும் முந்தின நாள்தான் மில்லுக்குக் கொண்டுபோகிறார்கள், அதற்காக வரிசையிலும் நிற்கிறார்கள். அந்த வழக்கத்தில் அறிவு இருக்கிறது.

கேழ்வரகு இந்த விஷயத்தில் நம் பக்கம் நிற்கும் தானியம். கொழுப்பு குறைவு என்பதால் கம்பைவிட நாள் தாங்கும். மேல்தோல் உள்பகுதியோடு இறுக ஒட்டியிருப்பதால் அரிசியைப் போல எளிதில் தீட்ட முடியாமல் தோலோடேயே அரைபடுகிறது, அதனால்தான் 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச்சத்து நமக்குக் கிடைக்கிறது. குழந்தைகளுக்கென்று விற்கும் முளைகட்டிய ராகி மாவுகளில் மட்டும் சர்க்கரையும் பால்பொடியும் சேர்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஊற வைத்து, துணியில் கட்டி முளைக்க விட்டு, உலர்த்தி, வாசம் வர வறுத்து அரைப்பது வீட்டில் முடியாத காரியமல்ல. முளைப்பில் உருவாகும் நொதி கஞ்சியை நீர்க்க வைப்பதால், அதே அளவு கஞ்சியில் கூடுதல் மாவு சேர்த்துக் குழந்தைக்குக் கொடுக்கலாம்.

கடலை மாவில் கலப்படம் பற்றிய பயம் வெறும் வதந்தி அல்ல. சட்டப்படி அது தோல் நீக்கிய கொண்டைக்கடலையில் செய்ததாக மட்டுமே இருக்க வேண்டும். விலை குறைந்த பட்டாணி மாவைக் கலப்பது ஒரு வகை ஏமாற்று, கேசரிப் பருப்பைக் கலப்பது ஆபத்து, ஏனென்றால் அதை நீண்ட நாள் அதிகமாக உண்டால் கால்கள் செயலிழக்கும் நரம்பு நோய் வரும். பருப்பாக இருக்கும்போது அதன் கோடாரி போன்ற வடிவம் காட்டிக்கொடுத்துவிடும், மாவானால் தெரியாது. பஜ்ஜிக்கு வேண்டிய கால் கிலோவுக்குக் கடலைப்பருப்பை வாங்கி மில்லில் கொடுப்பது எளிது. இணையத்தில்தான் வாங்க வேண்டும் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும், 'தயாரித்தவர்' யார், 'சந்தைப்படுத்துபவர்' யார் என்றும் பாருங்கள். சந்தைப்படுத்துபவர் பெயர் மட்டும் பெரிதாக இருந்து, அரைத்தவர் முகவரியே இல்லாத பைகளை நான் தள்ளி வைக்கிறேன். கோதுமை மாவுப் பையில் '+எஃப்' முத்திரை இருந்தால் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை சேர்க்கப்பட்டவை என்று பொருள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் ஈரம் அதிகம். கோதுமை மாவில் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது தர விதி, ஆனால் ஐப்பசி மழையில் திறந்து கிடக்கும் பை அதைத் தானாகவே தாண்டிவிடும். குடிசை மாற்று வாரிய வீட்டின் ஒற்றை அறையில் பத்துக் கிலோ பையை வைப்பதைவிட, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே லாபம். குளிர்சாதனப் பெட்டியில் இடம் இருந்தால் கம்பு மாவுக்கு முதலிடம் கொடுங்கள்.

கடைசியாக, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளைப் பற்றி. நம் ஊரில் அரிது என்றாலும், கொருக்குப்பேட்டையில் ஒரு குழந்தைக்கு இருக்கிறது. கப்ளி கோதுமை பழைய ரகம், அதில் குளூட்டன் இல்லை என்று எங்கோ படித்துவிட்டு அதன் தாய் அந்த மாவை வரவழைத்திருந்தார். கப்ளியும் கோதுமைதான், குளூட்டன் அதிலும் உண்டு. குளூட்டன் அற்றது என்று எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கோதுமை அரைத்த கல்லிலேயே அடுத்த ஈடாக அரிசியை அரைத்தால் அந்த வரம்பு கடந்துவிடக்கூடும், கூட்டுப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவுதான் சேர்மானம். இப்போது அந்த அம்மா அரிசியை ஊற வைத்து, நிழலில் உலர்த்தி, கோதுமை படாத தனி ஜாரில் மிக்சியில் அரைத்து, புதுச் சல்லடையில் சலித்து வறுத்து வைத்துக்கொள்கிறார். வாரம் ஒரு மணி நேரம் ஆகிறது என்றார்.